நூலகப் பட்டியலில் ஆள் இருக்கிறார், நாற்காலியில் ஆள் எங்கே?

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கும், அங்கிருந்து நரிக்குடிக்கும் போகும் சாலையில் பயணம் செய்தவர்களுக்கு அந்தப் பூமியைப் பற்றி நாம் விவரிக்க வேண்டியதில்லை. இருபுறமும் கரிசல். மழை பெய்தால் உளுந்தும் பாசியும் மல்லியும் சோளமும், பெய்யாவிட்டால் சீமைக்கருவேல். குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்களும், விசைத்தறியில் நிற்கிறவர்களும், பிள்ளைகளைத் திருப்பூருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறவர்களும் வாழும் தாலூகாக்கள் இவை.

இந்த வட்டாரத்தில் ஒரு கரிமூட்டத் தொழிலாளியின் மகள், பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு சர்க்கார் தேர்வாணையத்தின் குரூப் நான்கு பரீட்சைக்குப் படிக்கிறாள். புத்தகம் வாங்கப் பணமில்லை. பக்கத்து ஊரில் நூலகம் உண்டு. ஆனால் அது எந்த நாள் திறக்கும், எத்தனை மணிக்குத் திறக்கும் என்று யாருக்கும் திட்டமாகத் தெரியாது. இரண்டு தடவை நடந்து போனாள். இரண்டு தடவையும் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். மூன்றாவது தடவை வீண் நடை வேண்டாமென்று, அண்ணனின் செல்போனில் நூலக வலைத்தளத்தைத் திறந்து, அங்கே நூலகர் பெயருக்கு எதிரில் கொடுத்திருந்த எண்ணைக் கூப்பிட்டாள்.

எடுத்தவர் ஒரு பெரியவர். "நான் ரிட்டயர் ஆகி மூணு வருசமாச்சு தாயி. லயனை வச்சிராதே, இப்ப யாரு பொறுப்புன்னு சொல்றேன், எழுதிக்கோ" என்றார்.

அந்தப் பெரியவரை நாம் நேரில் பார்த்துப் பேசினோம். அவர் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரின் அட்டையைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் பேனாவால் எழுதிய ஒரு பட்டியல்: சுற்றுவட்டத்தில் எந்த நூலகத்துக்கு யார் பொறுப்பு, வாரத்தில் எந்தெந்த நாள் வருகிறார், அவரை எங்கே பிடிக்கலாம். சில வரிகள் மூன்று முறை அடித்துத் திருத்தப்பட்டிருந்தன. யாருக்காவது மாறுதல் வந்தால் பழைய சகாக்கள் இவருக்குச் சொல்வார்களாம். இவர் அடித்துவிட்டு எழுதுவாராம். எதற்காக இந்தச் சிரமம் என்று கேட்டோம். "போன் வந்துக்கிட்டே இருக்கு. தெரியாதுன்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

புத்தகத் தவணையை நீட்டிக்கக் கேட்பவர்கள் கூப்பிடுகிறார்கள். கட்டிய முன்பணத்தைத் திரும்ப வாங்க விரும்புகிறவர்கள் கூப்பிடுகிறார்கள். மாணவர்களை உறுப்பினராகச் சேர்க்க வேண்டுமென்று பள்ளிக்கூடத் தலைமையாசிரியர்கள் கூப்பிடுகிறார்கள். சம்பளம் இல்லாமல், ஓய்வூதியத்தில் இருந்துகொண்டு, ஒரு மனிதர் மூன்று வருடமாக விசாரணைக் காரியாலயம் நடத்திக்கொண்டிருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், வலைத்தளத்தில் இல்லாத சரியான பட்டியல் ஒரு காலண்டர் அட்டையில் இருக்கிறது.

ஊரின் பெயரையும் நூலகத்தின் பெயரையும் நாம் இங்கே எழுதவில்லை. எழுதினால் பழி அந்த நூலகச் சிப்பந்திகள் தலையில் விழும். குற்றம் அவர்களுடையது அல்லவென்று நாம் கருதுகிறோம்.

"நாட்டில் எத்தனையோ பிரச்னைகள் இருக்க, டெலிபோன் எண்ணுக்கு ஒரு கட்டுரையா?" என்று சில நண்பர்கள் கேட்கலாம். நூலகத்தில் புதுப் புத்தகம் இல்லை, கூரை ஒழுகுகிறது, கழிப்பறை இல்லை. இதையெல்லாம் விட்டுவிட்டு இது என்ன சில்லறைக் கவலை? நியாயமான கேள்விதான். ஆனால் புத்தகம் இல்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? கூரை ஒழுகுகிறது என்று எந்த எண்ணுக்குச் சொல்வது? மற்ற குறைகளைச் சொல்வதற்கான வாசலே இந்த எண்தான்.

இன்னொரு நண்பர், "கரிசல் காட்டில் யார் வலைத்தளம் பார்க்கிறார்கள்?" என்றார். அவர் இந்தப் பக்கம் வந்து நாளாகிவிட்டது போலிருக்கிறது. கம்பங்கூழ் குடிக்கும் வீட்டிலும் இன்று ஒரு செல்போன் இருக்கிறது. மேலும் ஒரு விஷயத்தை அவர் கவனிக்கவில்லை. செல்வாக்கு உள்ளவனுக்குப் பட்டியல் தேவையே இல்லை. அதிகாரியின் எண் அவன் சட்டைப்பையில் இருக்கிறது. இல்லாவிட்டால் அவனுடைய மைத்துனனின் பையில் இருக்கிறது. யாரையும் தெரியாத குடும்பத்துக்குத்தான், முதல் முறையாகச் சர்க்கார் கதவைத் தட்டுகிற பிள்ளைக்குத்தான் அச்சிட்ட பட்டியல் வேண்டும். பட்டியல் பொய்த்தால் அவர்கள்தான் நஷ்டப்படுகிறார்கள். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 முதல் டிக்கட் இல்லை என்பது மெய்யே. திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டைக்குச் சுமார் 15 கிலோ மீட்டர் தூரத்தை அந்தப் பெண் காசில்லாமல் போய் வந்துவிடலாம். ஆனால் வீணாய்ப் போன அரை நாளுக்கு யார் கூலி கொடுப்பார்கள்?

வரி நம்முடையது

வாசகர்கள் தங்கள் வீட்டுவரி ரசீதை எடுத்துப் பார்க்கட்டும். அதில் நூலக வரி என்று தனியே ஒரு தொகை இருக்கும். 1948-ஆம் ஆண்டு, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்தபோது, சென்னை ராஜதானி பொது நூலகச் சட்டத்தை நிறைவேற்றியது. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் நின்றவர் எஸ். ஆர். ரங்கநாதன். அன்று சொத்துவரியில் ரூபாய்க்கு ஆறு பை, அதாவது பழைய கணக்கில் அரை அணா, நூலக வரியாக விதிக்கப்பட்டது. இன்று ரூபாய்க்கு பத்து காசு. வீட்டுவரி 200 ரூபாய் கட்டுகிற ஓட்டு வீட்டுக்காரர் அதன் மேல் 20 ரூபாய் நூலகத்துக்கென்று கட்டுகிறார். அந்த வரிப்பணத்தைக் கொண்டு நூலகங்களை நடத்துவதற்காகவே ஜில்லாதோறும் நூலக ஆணைக்குழு என்ற அமைப்பு இருக்கிறது. அதாவது நூலகம் யாரும் போடுகிற பிச்சை அல்ல. முன்கூட்டியே காசு கட்டிவிட்டு வாங்குகிற சேவை. காசு வாங்கிய கடைக்காரன் கடை எப்போது திறக்கும் என்று சொல்ல மாட்டேன் என்றால் நாம் சும்மா இருப்போமா?

ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்து. அவற்றில் நான்காவது வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவதைப் பற்றியது. உலகமெங்கும் நூலகப் படிப்பில் இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதே ஆண்டு அக்டோபரில் மன்னார்குடி அருகே மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் ஒரு மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். ரங்கநாதன்தான் அதைத் தொடங்கி வைத்தார். வண்டி என்றைக்கு வரும் என்று ஊர்க்காரனுக்குத் தெரிந்தால்தான் மாட்டுவண்டி நூலகத்தால் பிரயோசனம். தொண்ணூறு வருடம் கழித்து, மாட்டுக்குப் பதில் மின்சாரமும் கம்பியில்லா இணைப்பும் வந்த பிறகும், தேவை அதேதான்: என்றைக்கு, எத்தனை மணிக்கு, யார்?

சட்டம் இதைச் சொல்லவில்லையா? நன்றாகவே சொல்லியிருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பொது அதிகாரமும், யாரும் மனுப் போடாமலே, தானாக வெளியிட வேண்டிய பதினேழு இனங்களை அது வரிசைப்படுத்துகிறது. ஒன்பதாவது இனம், அதிகாரிகள் மற்றும் சிப்பந்திகளின் பட்டியல். பதினாறாவது இனம், பொதுத் தகவல் அதிகாரிகளின் பெயர், பதவி முதலான விவரங்கள். இவற்றுக்கு நடுவில் பதினைந்தாவது இனத்தைப் படித்தபோது நமக்கே ஆச்சரியமாக இருந்தது. பொதுமக்கள் தகவல் பெறுவதற்குள்ள வசதிகளை வெளியிட வேண்டும் என்று சொல்லிவிட்டு, பொது உபயோகத்துக்கான நூலகமோ வாசகசாலையோ இருந்தால் அதன் வேலை நேரத்தையும் சேர்த்து வெளியிட வேண்டும் என்று சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஒரு தடவை வெளியிட்டுவிட்டுத் தூங்கிவிடக் கூடாது, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்றும் விதித்திருக்கிறது.

மஸ்டர் ரோல் பாடம்

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்பதை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. ராஜஸ்தானத்தின் வறண்ட கிராமங்களில், பஞ்ச நிவாரண வேலைக்குப் போன கூலிகளுக்குச் சட்டப்படியான கூலி கிடைக்கவில்லை. விவசாயிகளும் தொழிலாளர்களும் சேர்ந்த மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு, வேலைக்கு வந்தவர்களின் மஸ்டர் ரோலைக் காட்டு என்று கேட்டது. 1994 டிசம்பரிலிருந்து ஊர்க் கூட்டங்களில் அந்தப் பட்டியல்களை உரக்கப் படித்தார்கள். செத்துப் போனவர்களின் பெயரில் கூலி பட்டுவாடா ஆகியிருந்தது. ஊரைவிட்டே போனவர்கள் மண் சுமந்ததாகக் கணக்கு இருந்தது. 1996-ல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா. இப்படி வளர்ந்த கிளர்ச்சியின் பலனாகத்தான் ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது. மஸ்டர் ரோல் என்ற சொல் நம் கரிசல் சீமையில் யாருக்கும் விளக்க வேண்டிய சொல் அல்ல. கண்மாய் வெட்டுக்குப் போன ஒவ்வொரு தாயும் அதை அறிவார்.

நூலக வலைத்தளத்தில் உள்ள சிப்பந்திகள் பட்டியலும் ஒரு மஸ்டர் ரோல்தான். இங்கேதான் நாம் முக்கியமாகச் சொல்ல வேண்டிய விஷயத்துக்கு வருகிறோம்.

ஒரு கிளை நூலகர் ஓய்வு பெறுகிறார். அவர் இடத்துக்கு ஆள் நியமிக்கப்படவில்லை. பக்கத்து நூலகர் கூடுதல் பொறுப்பு என்ற பெயரில் இரண்டு நூலகங்களைப் பார்க்கிறார். சில இடங்களில் மூன்று. அவர் திங்களும் செவ்வாயும் இங்கே, புதனும் வியாழனும் அங்கே. ஆனால் வலைத்தளத்தில் பழைய நூலகரின் பெயர் அப்படியே நிற்கிறது. சென்னையில் உட்கார்ந்து பார்க்கிற மேலதிகாரியின் கண்ணுக்கு அந்த நூலகத்தில் ஆள் இருக்கிறார். கேள்வி கேட்கிற சட்டமன்ற உறுப்பினரின் கண்ணுக்கும் இருக்கிறார். பத்திரிகைக்காரன் கண்ணுக்கும் இருக்கிறார். பூட்டின் முன்னால் நிற்கிற பெண்ணின் கண்ணுக்கு மட்டும் இல்லை. பழைய பட்டியல் வெறும் சோம்பலின் விளைவு என்று நாம் நினைத்திருந்தோம். யோசித்துப் பார்த்தால் அது ஒரு காலிப் பணியிடத்தை மூடி வைக்கிற போர்வையாகவும் பயன்படுகிறது. யாரும் திட்டமிட்டு அப்படிச் செய்தார்கள் என்று குற்றம் சாட்ட நம்மிடம் ஆதாரம் இல்லை. அப்படிச் செய்யவும் இல்லை. ஆனால் பலன் அதுவாகவே இருக்கிறது.

ஆகவே நாம் கேட்பது பெயரை மாற்று என்பது மட்டுமல்ல. ஆள் இல்லாத இடத்தில் ஆள் இல்லை என்று எழுது. எந்தத் தேதியிலிருந்து இல்லை என்று எழுது. இப்போது யார் கூடுதலாகப் பார்க்கிறார், எந்த நாட்களில் வருகிறார் என்று எழுது. இப்படி உண்மையான பட்டியல் ஒன்று வெளியாகட்டும். நூலகச் சிப்பந்திகளின் சங்கம் காலியிடங்களை நிரப்பக் கேட்டு எத்தனை தீர்மானம் போட்டாலும் ஏற்படாத பலனை அந்த ஒரு பட்டியல் ஏற்படுத்தக்கூடும். ஊர்ப்புற நூலகங்களில் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர்களுக்கும் அது ஆயுதமாகும்.

பட்டியல் பழசாவது எப்படி என்றும் பார்க்க வேண்டும். பொதுவாக நடப்பது இதுதான். மாறுதல் உத்தரவு காகிதத்தில் வருகிறது. அதன் நகல் சம்பளப் பிரிவுக்குப் போகிறது, ஏனென்றால் போகாவிட்டால் சம்பளம் நின்றுவிடும். சேமநிதிப் பிரிவுக்குப் போகிறது. வலைத்தளத்தைப் பார்க்கிறவருக்கு மட்டும் போவதில்லை. பல இலாகாக்களில் அப்படி ஒரு ஆளே கிடையாது. ஆரம்பத்தில் ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டு வலைத்தளத்தைக் கட்டியிருப்பார்கள், குத்தகை முடிந்ததும் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்பதே தெரியாது. எவருக்கும் வேலையாக ஒதுக்கப்படாத வேலையை எவரும் செய்ய மாட்டார்கள். கிளை நூலகரைக் கேட்டால், "நாங்கள் எழுதி அனுப்பியாயிற்று" என்கிறார். மேலே கேட்டால், "கீழேயிருந்து வரவில்லை" என்கிறார்கள்.

முடியாத காரியமா இது? விருதுநகர் ஜில்லாவையும் ராமநாதபுரம் ஜில்லாவையும் 2018-ல் மத்திய சர்க்கார் முன்னேற விழையும் மாவட்டங்கள் என்ற பட்டியலில் சேர்த்தது. அந்தத் திட்டத்தில் சுகாதாரம், கல்வி, விவசாயம் என்று பல இனங்களின் புள்ளி விவரங்களை மாதாமாதம் ஏற்றி, ஜில்லாக்களுக்குள் ரேங்க் போட்டார்கள். மேலேயிருந்து கேட்டால் மாதாமாதம் ஏறுகிறது; கீழேயிருந்து ஜனங்கள் கேட்டால் மூன்று வருடமானாலும் ஏறுவதில்லை.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. 2006-க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கிராம ஊராட்சிகள்தோறும் நூலகக் கட்டடங்கள் எழுந்தன. அவை ஊராட்சியின் பொறுப்பு. ஆணைக்குழுவின் ஊர்ப்புற நூலகமும் கிளை நூலகமும் வேறு நிர்வாகம். ஊர்க்காரனுக்கு இரண்டும் லைப்ரரிதான். பூட்டிக் கிடக்கிற கட்டடம் எந்த இலாகாவைச் சேர்ந்தது என்று அதன் நெற்றியிலாவது எழுதியிருந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்றாவது தெரியும்.

யாருடைய செல்போன்?

சிப்பந்திகளின் பக்கத்து நியாயத்தையும் நாம் பேசியாக வேண்டும். இன்று பட்டியல்களில் கொடுக்கப்படுகிற எண்களில் பெரும்பாலானவை நூலகரின் சொந்த செல்போன் எண்கள். அவர் காசில் வாங்கிய போன், அவர் காசில் போட்ட ரீசார்ஜ். ஊர்ப்புற நூலகர்களில் பெண்கள் பலர். அவர்களுடைய சொந்த எண்ணை உலகம் முழுக்கப் பார்க்கும்படி எழுதி வைத்தால் இரவு பத்து மணிக்கும் போன் வரும்; புத்தகம் கேட்டு மட்டுமே வரும் என்று சொல்ல முடியாது. மாறுதல் ஆனால் அந்த எண் அவரோடு போகிறது. ஓய்வு பெற்றாலும் துரத்துகிறது. நமது பெரியவர் பொறுமைசாலி. எல்லாரும் அப்படி இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க நமக்கு என்ன உரிமை?

எனவே எண் நாற்காலிக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கிளை நூலகத்துக்கும் ஆணைக்குழுவின் செலவில் ஒரு சாதாரண போனும் ஒரு சிம் கார்டும். நூலகர் மாறும்போது சாவி, புத்தக இருப்புப் பதிவேடு, ரசீதுப் புத்தகம் இவற்றோடு அந்தப் போனையும் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். ஈமெயிலும் பதவியின் பெயரில் இருக்கட்டும். அப்போது பட்டியலில் மாற வேண்டியது ஒரு பெயர் மட்டுமே; அதுகூட நாலு நாள் தாமதித்தாலும் போன் சரியான இடத்தில் மணி அடிக்கும். நூலகரின் சொந்த எண்ணும் வீட்டு விலாசமும் பட்டியலில் இடம்பெறத் தேவையே இல்லை. மாறுதல் உத்தரவின் நகல் போகும் இடங்களில் வலைத்தளப் பொறுப்பாளரையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால், மீதி வேலை தானே நடக்கும். பட்டியலின் அடியில் கடைசியாகச் சரிபார்த்த தேதியும், சரிபார்த்தவரின் பதவியும் இருக்க வேண்டும். தேதி இல்லாத பட்டியலை எப்படி நம்புவது?

வலைத்தளத்தோடு நிறுத்திவிடவும் கூடாது. 4-வது பிரிவே அறிவிப்புப் பலகை, பத்திரிகை, பகிரங்க அறிவிப்பு, இணையம் எல்லாவற்றையும் சொல்லி, உள்ளூர் மொழியையும் அந்த வட்டாரத்துக்கு ஏற்ற வழியையும் கவனிக்கச் சொல்கிறது. நூலகத்தின் வெளிச்சுவரில், பூட்டியிருக்கும்போதும் கண்ணில் படும்படி, தமிழில் ஒரு பலகை வேண்டும். 1918 டிசம்பரில், உள்நாட்டு யுத்தத்தின் நடுவே, லெனின் சோவியத் காரியாலயங்களுக்கு விதிகள் எழுதினார். ஜனங்களைச் சந்திக்கும் நாளையும் நேரத்தையும் கட்டடத்தின் உள்ளே மட்டுமல்லாமல் வெளியிலும் எழுதி வைக்க வேண்டும், எந்த அனுமதிச் சீட்டும் இல்லாமல் எவரும் வந்து படிக்கும்படி வைக்க வேண்டும் என்று அதில் சொன்னார். வருகிறவரின் பெயரையும், விஷயத்தையும், எங்கே அனுப்பப்பட்டார் என்பதையும் ஒரு புத்தகத்தில் பதிய வேண்டும் என்றும் விதித்தார். தலைக்கு மேல் யுத்தம் இருக்கும்போது கதவில் ஒட்டுகிற காகிதத்தைப் பற்றி அவர் கவலைப்பட்டார் என்பதை, இது சில்லறை விஷயம் என்று சொன்ன நண்பருக்குத் தெரிவித்துக்கொள்கிறோம்.

இப்போது நாம் செய்யக்கூடியது என்ன? பல நூலகங்களில் வாசகர் வட்டம் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வட்டத்தைச் சேர்ந்த இருவர் உட்கார்ந்து தங்கள் தாலூகாவின் பட்டியலில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் கூப்பிட்டுப் பார்க்கட்டும். யார் எடுத்தார், எடுத்தவர் அந்த நூலகத்தில் இருக்கிறாரா என்று குறித்துக்கொள்ளட்டும். ஒரு மாலைப்பொழுது வேலைதான். குறித்ததை ஆணைக்குழுக் காரியாலயத்துக்குத் தபாலில் அனுப்பட்டும். பதில் இல்லாவிட்டால் பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்பு ஒட்டி, கடைசியாகப் பட்டியலைப் புதுப்பித்த தேதி எது, காலிப் பணியிடங்கள் எத்தனை, எந்தத் தேதியிலிருந்து என்று தகவல் சட்டத்தில் மனுப் போடட்டும். முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு நூலகம் கிடைத்தது. பெரியவர் சொன்ன எண்ணைக் கூப்பிட்டு, கூடுதல் பொறுப்பில் உள்ள நூலகர் வருகிற நாளைக் கேட்டுக்கொண்டு போனாள். உறுப்பினர் அட்டையும் வாங்கிவிட்டாள். நாம் விடைபெறும்போது பெரியவர் ஒன்று கேட்டுக்கொண்டார். தமது எண்ணைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லி யாருக்கு எழுதுவது என்று கேட்டார். வலைத்தளத்தில் அதற்கென்று கொடுத்திருந்த எண்ணை நாம் அவர் எதிரிலேயே கூப்பிட்டோம். உபயோகத்தில் இல்லை என்று பதிவு செய்த குரல் சொன்னது. அதனால் காகிதத்தில் மனு எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கி, மறுநாள் அருப்புக்கோட்டைத் தபாலாபீசில் பதிவுத் தபாலாகப் போட்டோம். ஒப்புகை அட்டை திரும்பி வந்திருக்கிறது. அதில் உள்ள கையெழுத்துக்குக் கீழே பெயரும் இல்லை, பதவியும் இல்லை.